இருட்டை டப்பால அடைச்சு அரீனாவுக்குப் போன பார்ட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டரா நடிச்சு பகடை உருட்டி ஆடற கதை விளையாட்டு, 5ஆம் பதிப்பு, 2014 ரூல்ஸ். வாய்ஸ் கால்ல வாராவாரம் விளையாடற ஒரு சின்ன குரூப், 4 பிளேயர், கதையை நடத்தி எதிராளிங்களையும் ஆடற டிஎம் நான். எல்லாரும் வேலைக்குப் போறவங்க, ஒருத்தர் மட்டும் எங்களை விட வயசுல மூத்தவர், அவரை எல்லாரும் அண்ணன்னு தான் கூப்பிடுவோம், அவர் தான் கிளெரிக், அதாவது காயத்தை ஆத்தற பூசாரி. பேரு யாருதும் இங்க வேண்டாம், கேரக்டர் கிளாஸை (கேரக்டரோட தொழில்) வச்சே சொல்லிட்டுப் போறேன்: ஃபைட்டர் ஆயுதக்காரர், வார்லாக்கும் சார்சரரும் மந்திரக்காரங்க.

கதைல இவங்க ஒரு பாலைவன ஊர்ல கடன்ல மாட்டிக்கிறாங்க. ஒரே நாள்ல 3 அரீனா சண்டை, 4 பேருக்கு 4 பேர், 3ம் முடிச்சா கடன் தீரும். எல்லாரும் 5ஆம் லெவல். நான் முன்னாடியே சொல்லி வச்ச விதிகள் இவ்வளவு தான்: கேட்டுக்குள்ள வரும்போது எந்த ஸ்பெல்லும் (மந்திரம்) ஓடிட்டு இருக்கக் கூடாது, சண்டைக்கும் சண்டைக்கும் நடுவுல ஒரு ஷார்ட் ரெஸ்ட் (சின்ன ஓய்வு) மட்டும், செலவான ஸ்பெல்லைத் திரும்பக் குடுக்கற லாங் ரெஸ்ட் கிடையாது, கையில இருக்கறதை மணல்ல வீசிட்டா சரண்டர். அப்புறம் கூட்டத்துக்குன்னு ஒரு ஹவுஸ் ரூல்: ஜனங்க கண்ணு முன்னாடி ஒரு பெரிய அடி விழுந்து அவங்க ஆர்ப்பரிச்சா அந்த டீமுக்கு ஆளுக்கொரு இன்ஸ்பிரேஷன் (ஒரு உருட்டலுக்கு ரெண்டு தடவை உருட்ட விடற பரிசு), பரிசுப் பணமும் கூட்டத்தோட மூடைப் பொறுத்துத் தான். இந்த ரூலை முதல் நாள் யாரும் பெருசா கவனிக்கல.

தீம் வந்த கதை இது. சார்சரர் விளையாடறவர் ரோம் வரலாறு படிக்கிற ஆளு. அங்க அண்டபாட்டான்னு ஒரு வகை கிளாடியேட்டர் இருந்ததா சொல்றாங்க, கண்ணுக்கு ஓட்டையே இல்லாத ஹெல்மெட் மாட்டிக்கிட்டு சண்டை போட்டவங்களாம். சிசரோவோட ஒரு கடிதத்துல அந்தப் பேரு வருது, மத்தபடி ஆதாரம் ரொம்பக் கம்மி. "நாம அதைத் தலைகீழா பண்ணுவோம், எதிராளியைக் குருடாக்கிட்டு நாம அடிப்போம்"னார். டார்க்னஸ் ஸ்பெல்லை நடுவுல வச்ச பார்ட்டி. பேரு அமாவாசை கோஷ்டி.

பார்ட்டி எப்படி அமைஞ்சது

டார்க்னஸ் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: 2ஆம் லெவல் ஸ்பெல், 15 அடி ஆரத்துக்கு மாய இருட்டு, 10 நிமிஷம் இருக்கும், கான்சன்ட்ரேஷன் வேணும் (ஒரு நேரத்துல ஒரு ஸ்பெல்லைத் தான் இப்படிப் பிடிச்சு வைக்க முடியும், அடி வாங்கினா நழுவலாம்), இருட்டுல பார்க்க உதவற சாதாரண டார்க்விஷன் அதுக்குள்ள வேலைக்காகாது. உள்ள இருக்கறவனை வெளிய இருந்து பார்க்க முடியாது, உள்ள இருக்கறவனுக்கும் எதுவும் தெரியாது. அப்ப அதுக்குள்ள கண்ணு தெரியற ஆளு யாரோ அவனுக்குக் கொண்டாட்டம், அவன் அடிச்சா அட்வான்டேஜ் (20 பக்கப் பகடையை ரெண்டு தடவை உருட்டி பெருசை எடுக்கறது), அவனை அடிச்சா டிஸ்அட்வான்டேஜ் (சின்னதை எடுக்கறது).

வார்லாக் டெவில்ஸ் சைட் எடுத்திருந்தார், மாய இருட்டா இருந்தாலும் 120 அடிக்குப் பளிச்சுன்னு தெரியும். சார்சரர் ஷேடோ மேஜிக், 2017ல வந்த துணைப் புத்தகத்துல இருக்கற சப்கிளாஸ், 2 சார்சரி பாயின்ட் செலவு பண்ணி டார்க்னஸ் போட்டா அந்த இருட்டுக்குள்ள அவருக்குக் கண்ணு தெரியும். ஃபைட்டருக்கு 2020ல வந்த பிளைண்ட் ஃபைட்டிங் ஸ்டைல், சுத்தி 10 அடிக்குக் கண்ணு இல்லாமலே உணர்ற பிளைண்ட்சைட், கையில 10 அடி தூரம் எட்டற கிளேவ்ங்கற நீளக் கம்புக் கத்தி, ரெண்டும் அளவெடுத்து தைச்ச மாதிரி ஒத்துப்போகுது. கிளெரிக் மட்டும் லைஃப் டொமைன் (குணப்படுத்தற பிரிவு) ட்வார்ஃப் (குள்ள இனம்), அவருக்கு இருட்டுக்குள்ள ஒண்ணுமே தெரியாது. 4ஆம் லெவல்ல அவர் வார் காஸ்டர்ங்கற ஃபீட் (கூடுதல் திறமை, கான்சன்ட்ரேஷனைக் காக்க அட்வான்டேஜ் தரும்) எடுத்திருந்தார்.

பேப்பர்ல பார்த்தா 4ல 3 பேருக்குக் கண்ணு இருக்கு, அதனால ஜோரா இருக்கும்னு தான் எல்லாரும் நினைச்சாங்க. சார்சரரோட ஃபீச்சர்ல இருக்கற ஒரு சின்ன நிபந்தனையை யாரும் ரெண்டாவது தடவை படிக்கல. பாயின்ட் குடுத்து அவர் போட்ட இருட்டுல தான் அவருக்குத் தெரியும், வேற யாரு போட்ட இருட்டுலயும் அவரும் குருடு தான்.

முதல் சண்டை: என்ன பார்த்தோம்

எதிர்ல 2 பெர்சர்க்கர், ஒரு நைட், ஒரு ஸ்கவுட். எதிராளியோட பலத்தை அளக்கற எக்ஸ்பி கணக்குல 1,700, ஆள் எண்ணிக்கைக்கு ரெண்டால பெருக்கினா 3,400. 5ஆம் லெவல் 4 பேருக்கு ஹார்ட் (கஷ்டம்) வரம்பு 3,000, டெட்லி (உயிருக்கே ஆபத்து) 4,400. நடுவுல விழுது, சரியான ஆரம்பம்னு வச்சேன்.

யாரு முதல்ல ஆடறதுன்னு உருட்டற இனிஷியேட்டிவ்ல வார்லாக் முதல். யோசிக்காம மைதானத்து நடுவுல டார்க்னஸைப் போட்டுட்டார். அங்கேயே தீம் பாதி ஒடிஞ்சு போச்சு. ஏன்னா இது வார்லாக்கோட இருட்டு, சார்சரருக்கு உள்ள நடக்கறது எதுவும் தெரியல. அவர் வெளிய நின்னுக்கிட்டு, வெளிய இருந்த ஒரே ஆளான ஸ்கவுட் மேல ஸ்கார்ச்சிங் ரேங்கற நெருப்புக் கதிர் விட்டார், ஸ்கவுட் விழுந்ததும் அவருக்கு வேலையே இல்லாம போச்சு. வார்லாக்குக்கும் நஷ்டம், ஏன்னா ஒவ்வொரு அடிக்கும் கூடுதல் சேதம் தர்ற ஹெக்ஸும் கான்சன்ட்ரேஷன், டார்க்னஸும் கான்சன்ட்ரேஷன், ரெண்டுல ஒண்ணு தான் பிடிக்க முடியும்.

பெர்சர்க்கர் விஷயம் நானே எதிர்பார்க்கல. அவங்களுக்கு ரெக்லெஸ்னு ஒரு குணம், தன் டர்ன் ஆரம்பத்துல தனக்கு அட்வான்டேஜ் எடுத்துக்கலாம், பதிலுக்கு அவங்களை அடிக்கறவங்களுக்கும் அட்வான்டேஜ். இருட்டுல கண்ணு தெரியாததால வர்ற டிஸ்அட்வான்டேஜும் இந்த அட்வான்டேஜும் அடிபட்டு, சாதாரண ஒத்த உருட்டல் ஆயிருது. அதாவது வெளிச்சத்துல எதையும் யோசிக்காம கோடாலி வீசற ஆளுக்கு இருட்டுல பெருசா எந்தக் குறையும் இல்ல. இவங்களுக்குக் கிடைக்க வேண்டிய அட்வான்டேஜும் ரெக்லெஸ் புண்ணியத்துல எப்படியும் கிடைச்சிருக்கும். அப்ப இந்த ரெண்டு பேருக்கு எதிரா அந்த இருட்டு பண்ணது, அவங்க அட்வான்டேஜைப் பிடுங்கினது மட்டும் தான்.

கிளெரிக் நிலைமை தான் ரொம்பப் பரிதாபம். தாக்கற சேக்ரட் ஃபிளேமுக்கு டார்கெட் கண்ணுல படணும், தூரத்துல இருந்து குணப்படுத்தற ஹீலிங் வேர்டுக்கும் ஆளு கண்ணுல படணும். ஃபைட்டர் இருட்டுக்குள்ள ஜீரோ ஹெச்பில (உயிர்ப் புள்ளி) விழுந்தப்ப அண்ணன் 25 அடி வேகத்துல உள்ள நடந்து போய், கையால தொட்டு க்யூர் வூண்ட்ஸ் போட வேண்டியதாச்சு, ஒரு ரவுண்டு அதுலயே போச்சு. "நான் எதுக்குடா வந்தேன் இந்த பார்ட்டிக்கு"ன்னு கேட்டார், சிரிச்சுக்கிட்டே தான் கேட்டார், ஆனா கொஞ்ச நேரம் யாரும் பேசல. அதே நேரம் வார்லாக் ஒளிஞ்சுக்கலாம்னு இருட்டுக்குள்ள போய் ஒரு கோடாலி அடி வாங்கி, கான்சன்ட்ரேஷன் போய், மொத்த இருட்டும் கலைஞ்சிருச்சு.

ஜெயிச்சாங்க. நைட்டை ஃபைட்டர் எழுந்து வந்து முடிச்சார். ஆனா பணம் கம்மி. பார்க்க வந்த ஜனங்க முக்கால்வாசி சண்டைக்கு ஒரு கறுப்பு உருண்டையைத் தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க, கூச்சல் போட்டு ஈச்சங்கொட்டை எறிஞ்சாங்கன்னு நான் விவரிச்சேன், அப்பத் தான் அந்தக் கூட்டத்து ரூல் என்னத்துக்குன்னு மேஜைல எல்லாருக்கும் உறைச்சுது.

நடுவுல எடுத்த முடிவுகள், ஏன்

செஷன் அங்க நின்னுச்சு, அந்த வாரம் பூரா சாட்ல இதே பேச்சு தான். முதல்ல வந்த யோசனை எல்லாருக்கும் வர்ற யோசனை: கிளெரிக்குக்கும் கண்ணு குடுத்துரலாம். எல்ட்ரிச் அடெப்ட்னு ஒரு ஃபீட் இருக்கு, ஸ்பெல் போடத் தெரிஞ்ச யாரும் எடுக்கலாம், அதுல டெவில்ஸ் சைட் வாங்கிக்கலாம். வார் காஸ்டரைக் குடுத்துட்டு இதை மாத்திக்கறதுன்னா நான் விடறேன்னு சொன்னேன். அண்ணன் ஒத்துக்கல. "எல்லாருக்கும் கண்ணு தெரிஞ்சா அப்புறம் அது என்னடா குருட்டு கிளாடியேட்டர் தீமு, நான் இப்படியே இருக்கேன், கண்ணு தெரியாமலே என்ன பண்ணலாம்னு பாருங்க"ன்னார்.

அந்த வார்த்தைல தான் பார்ட்டி திரும்புச்சுன்னு நான் நினைக்கிறேன். அது வரைக்கும் எல்லாரும் தீம்னா எல்லார்கிட்டயும் ஒரே வித்தை இருக்கணும்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. இப்ப கேள்வி மாறிருச்சு: கண்ணே தேவையில்லாத வேலை இந்த கிளெரிக்கிட்ட என்ன இருக்கு? சுத்தி ஆவிங்களைச் சுழல விடற ஸ்பிரிட் கார்டியன்ஸ் இருந்துச்சு. அன்னிக்கு காலைல தயார் பண்ண லிஸ்ட்லயே இருந்தது, கடைசி சண்டைக்குன்னு பத்திரமா வச்சிருந்தார். 3ஆம் லெவல், கிளெரிக்கை சுத்தி 15 அடி, உள்ள டர்ன் ஆரம்பிக்கறவனுக்கு 3டி8 (8 பக்கப் பகடை 3) சேதம், சேவ் (தப்பிக்க உருட்டறது) பண்ணா பாதி, அதை விட முக்கியம் வேகம் பாதியாயிரும். யாரை அடிக்கணும்னு பார்க்கவே வேண்டாம், அது பாட்டுக்கு அடிக்கும். போடும்போது மட்டும் நம்ம ஆளுங்களைக் கண்ணால பார்த்து விலக்கு குடுக்கணும், அதனால முதல்ல கார்டியன்ஸ், அப்புறம் தான் இருட்டு. ரெண்டுக்கும் ஆரம் அதே 15 அடி. கண்ணும் தெரியாம கால்லயும் பாதி வேகத்துல ஒருத்தன் உள்ள மாட்டினா வெளிய வர்றதுக்குள்ள நொந்துருவான்.

ரெண்டாவது முடிவு, இருட்டு போடறது இனிமே சார்சரர் மட்டும். சார்சரர் போட்ட இருட்டுல வார்லாக்குக்கும் தெரியும், வார்லாக் போட்டா சார்சரருக்குத் தெரியாது. வார்லாக் ஹெக்ஸுக்கு விடுதலை. இன்னொரு காரணமும் இருக்கு, அடி வாங்கினா கான்சன்ட்ரேஷனைக் காக்க உருட்டற கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) சேவ்ல சார்சரருக்கு ப்ரொஃபிஷியன்சி (பயிற்சிக் கூட்டல்) உண்டு, வார்லாக்குக்கு இல்ல. ரெண்டு பேருக்கும் கான்ஸ்டிடியூஷன் 14 தான், ஆனா டிசி (எட்ட வேண்டிய எண்) 10 சேவ்ல சார்சரர் +5ல 80 சதவீதம் தாங்குவார், வார்லாக் +2ல 65 சதவீதம். இதைக் கணக்கு போட்டுப் பார்த்ததும் முதல் சண்டைல ஏன் கலைஞ்சதுன்னு யாரும் அதிர்ஷ்டத்தைத் திட்டல. பாயின்ட் கணக்கும் சரியா வந்துச்சு, 5 பாயின்ட் இருக்கு, மிச்சம் ரெண்டு சண்டைக்கு 4 போதும்.

மூணாவது தான் டப்பா. டார்க்னஸ் விளக்கத்துலயே ஒரு வரி உண்டு, எந்தப் பொருள்ல இருந்து இருட்டு வருதோ அதை ஒளி புகாத எதையாவது வச்சு முழுசா மூடிட்டா இருட்டு நின்னுரும். அப்ப ஒரு சின்ன கூழாங்கல்லு, அதை வைக்க மூடி போட்ட ஒரு தகர டப்பா. சார்சரர் டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு உள்ள இருக்கற கல்லுல ஸ்பெல்லைப் போட்டு கிளெரிக் கையில குடுத்துருவார், கிளெரிக் நடக்கற இடத்துக்கு எல்லாம் இருட்டும் நடக்கும், மூடினா சட்டுன்னு வெளிச்சம். மேஜைல அதுக்கு மூக்குப்பொடி டப்பான்னு பேரு வந்துருச்சு. நான் குடுத்த தீர்ப்பு: மூடறதோ திறக்கறதோ ஒரு டர்ன்ல ஒரு தடவை இலவசம், கைமாத்தினா குடுக்கறவனோட இலவச செயல் அதுல போயிரும், கீழ வச்சதை எடுக்கறதோ அடுத்தவன் கையில இருந்து வாங்கறதோ அதே கணக்குத் தான். இதைக் கறாரா வச்சேன், இல்லன்னா ஒரே டர்ன்ல திறந்து அடிச்சு மூடி பாதுகாப்பா உக்காந்துக்குவாங்க, எதிராளிக்கு விளையாட்டே இருக்காது.

இன்னொரு பக்கம் என் முடிவு ஒண்ணு இருக்கு, எதிராளி எவ்வளவு தயாரா வரலாம்னு. முதல் சண்டையை ஊரே பார்த்திருக்கு, அடுத்த டீம் ஒண்ணுமே தெரியாத மாதிரி வந்தா பொய்யா இருக்கும். அதுக்காக 4 பேரும் இருட்டை உடைக்கிற சாமானோட வந்தா பிளேயர்ஸ் இவ்வளவு யோசிச்சு கட்டினதுக்கு மரியாதை இல்ல. அதனால ஒரு டீமுக்கு ஒரே ஒரு மாற்று வழி, அதுவும் சண்டைக்கு முன்னாடி ஏதாவது ஒரு வாய் வழியா பார்ட்டி காதுல விழும்படி வைக்கிறதுன்னு எனக்கு நானே ஒரு வரம்பு போட்டுக்கிட்டேன்.

ரெண்டாவது சண்டை

ஒரு கிளாடியேட்டர், ஒரு ப்ரீஸ்ட், 2 ஸ்கவுட். கணக்கு 4,900, டெட்லி. ப்ரீஸ்ட்டோட வழக்கமான ஸ்பெல் லிஸ்ட்லயே ஓடற ஸ்பெல்லைக் கலைக்கிற டிஸ்பெல் மேஜிக் இருக்கு, அது தான் அவங்க மாற்று வழி. பந்தயம் கட்டற ஆளு ஒருத்தன் "அந்தப் பூசாரி நேத்து ஒரு மந்திரத்தை ஊதியே அணைச்சான்"னு சொன்னதா வச்சேன்.

இனிஷியேட்டிவ் சாதகமா விழுந்துச்சு, கிளெரிக் முதல், சார்சரர் அடுத்து. கார்டியன்ஸ், டார்க்னஸ், டப்பா கைமாறி கறுப்பு உருண்டை நகர ஆரம்பிச்சுது. ரெண்டாவது ரவுண்டுல ப்ரீஸ்ட் சுமார் 50 அடி தூரத்துல இருந்து டிஸ்பெல் மேஜிக் எடுக்கறார், சார்சரர் உள்ள இருந்து அதைத் தடுக்கற கவுன்டர்ஸ்பெல். இங்க இருட்டு எவ்வளவு அழகா வேலை செய்யுதுன்னு பாருங்க: கவுன்டர்ஸ்பெல் போட எதிராளி ஸ்பெல் போடறது கண்ணுல படணும், சார்சரருக்குப் படுது, ஆனா அவர் போடறதை எதிர்ல இருக்கற யாரும் பார்க்க முடியாது. அடுத்த டர்ன்ல வார்லாக் ஹெக்ஸோட எல்ட்ரிச் பிளாஸ்ட்ங்கற மந்திரக் கதிர், ரெண்டு பீமும் அட்வான்டேஜ்ல, ப்ரீஸ்ட்டுக்கு 27 ஹெச்பி தான், போயிட்டார்.

கிளாடியேட்டர் ஏசி (அடி படணும்னா உருட்டல் எட்ட வேண்டிய எண்) 16, ஹெச்பி 112, ஒரு டர்ன்ல 3 தடவை அடிப்பான், வெளிச்சத்துல இவன் ஒருத்தனே இந்த பார்ட்டியைக் கஷ்டப்படுத்துவான். அவனுக்கு பேரின்னு ஒரு ரியாக்ஷன் (அடுத்தவன் டர்ன்ல பண்ற பதில் செயல்), வர்ற அடிக்கு ஏசில 3 கூட்டிக்கலாம், ஆனா அடிக்கறவன் கண்ணுல படணும்னு அதுல எழுதியிருக்கு. உள்ள மாட்டினதும் அந்தக் கவசம் போச்சு, 30 அடி வேகம் 15 ஆச்சு, வெளிய வர நடந்தான், ஃபைட்டர் பக்கத்துலயே நடந்து கிளேவால வெட்டிக்கிட்டே வந்தார்.

அவன் 20 சொச்சம் ஹெச்பிக்கு வந்தப்ப அண்ணன் டர்ன். "டப்பாவை மூடப் போறேன்"னார். சார்சரர் பதறிட்டார், "அண்ணா வேணாம்ணா, அட்வான்டேஜ் போயிரும், அவனுக்கு பேரி திரும்ப வந்துரும், இப்படியே ஒரு ரவுண்டு விட்டா செத்துருவான்." கணக்குப்படி சார்சரர் சொன்னது சரி. அண்ணன் சொன்னது, "பணம் கூட்டத்துக்கிட்ட தாண்டா இருக்கு." மூடினார். இருட்டு பட்டுன்னு விலகி, சுத்தி ஆவிங்க சுழல நடுவுல கிளாடியேட்டர் ஒரு முழங்கால் மணல்ல ஊனி நிக்கறதை மொத்த அரீனாவும் பாக்குது, ஃபைட்டர் கூடுதல் செயல் தர்ற ஆக்ஷன் சர்ஜ் எடுத்து 4 தடவை அடிச்சார், ஒண்ணு பேரில போச்சு, ஒண்ணு தவறுச்சு, ரெண்டு பட்டுச்சு. கொல்லாம மயக்கமா போட்டார். இன்ஸ்பிரேஷன் எல்லாருக்கும், பணம் முதல் சண்டையை விட ரெண்டு மடங்கு.

என் கணிப்புல இந்த பார்ட்டி உண்மையான தீம் பார்ட்டியா ஆனது இங்க தான், இருட்டு போட்டதுல இல்ல, எப்ப எடுக்கணும்னு ஒருத்தர் தீர்மானிச்சதுல.

இறுதிச் சண்டை

மேஜ் (மந்திரவாதி) ஒருத்தர், வெட்டரன் (அனுபவ வீரர்) ஒருத்தர், 2 ஸ்கவுட். 6,400, டெட்லியைத் தாண்டி ரொம்ப தூரம், அதை பார்ட்டிகிட்ட முன்னாடியே சொல்லிட்டேன். மாற்று வழின்னு டிரிஃப்ட்குளோப் ஒண்ணு குடுத்தேன், ஒரு நாளைக்கு ஒரு தடவை டேலைட் வெளிச்சம் தர்ற கண்ணாடி உருண்டை. டேலைட் பட்டா 3ஆம் லெவல் வரைக்கும் உள்ள இருட்டு கலைஞ்சிரும், பொருள்ல இருந்து வர்றதால கவுன்டர்ஸ்பெல் செல்லாதுன்னு தீர்ப்பு. லாயத்துப் பையன் ஒருத்தன் மூலமா அந்த உருண்டை விஷயமும் காதுல போட்டாச்சு.

ஷார்ட் ரெஸ்ட் நேரம் முழுக்க அந்த உருண்டையைப் பத்தியே பேசினாங்க. துணி போட்டு மூடணும், யாரு மூடறது, கேடயத்தைக் கவுத்து வச்சா போதுமா, போர்வை ஒண்ணு வாங்கிக்கலாமான்னு. போர்வை வாங்கினாங்க. எதிர்ல ஒரு மேஜ் இருக்கார்னு பலகைல எழுதியிருந்தது, அவர் எங்க நிப்பார்னு யாரும் பேசல.

மைதானம் 120 அடி விட்டம். ரெண்டு டீமும் எதிரெதிர் கேட்டு. இந்தத் தடவை சார்சரர் முதல், கிளெரிக் அப்புறம். சார்சரர் கல்லுல இருட்டைப் போட்டு மூடியை மூடி வச்சுக்கிட்டார். வார்லாக் ஒரு ஸ்கவுட் மேல ஹெக்ஸ் வச்சு பிளாஸ்ட் விட்டார், ஸ்கவுட் விழுந்தான். கிளெரிக் கார்டியன்ஸ் போட்டு டப்பாவை வாங்கிக்கிட்டார், வாங்கினதுலயே அந்த டர்னோட இலவச செயல் தீர்ந்துச்சு, திறக்கறது அடுத்த ரவுண்டு தான். 4 பேரும் கேட்டுக்கிட்ட 15 அடிக்குள்ள நெருக்கி நிக்கறாங்க, அவங்க தீம் அப்படி நிக்கத் தான் பழக்கியிருந்துச்சு.

மேஜ் தன் இடத்துல இருந்து நகரவே இல்ல. ஃபயர்பால்ங்கற நெருப்புக் குண்டு 150 அடி போகும், 20 அடி ஆரம். 8டி6ல 29 வந்துச்சு. சார்சரர் சேவ் போச்சு, 32 ஹெச்பில 3 மிச்சம், கான்சன்ட்ரேஷன் டிசி 14, டி20ல 6, கூட்டினா 11. திறக்கறதுக்கு முன்னாடியே டப்பாக்குள்ள இருந்த இருட்டு போயிருச்சு. அண்ணன் தன் பங்கு 29ஐ வாங்கிக்கிட்டு, வார் காஸ்டரோட ரெண்டு உருட்டல்ல கார்டியன்ஸைக் காப்பாத்திட்டார், ஃபீட் மாத்தாம விட்டது அங்க காசு குடுத்துச்சு.

கவுன்டர்ஸ்பெல் 60 அடி தான். மேஜ் நின்னது 100 அடிக்கும் மேல. சார்சரர்கிட்ட மிச்சம் இருந்த 3ஆம் லெவல் ஸ்லாட் (ஸ்பெல் போடற ஒரு வாய்ப்பு) கடைசி வரைக்கும் செலவே ஆகல.

ரெண்டாவது ரவுண்டுல சார்சரர் ஒரு 1ஆம் லெவல் ஸ்லாட்டைப் பாயின்ட்டா மாத்தி, மிச்சம் இருந்த ஒண்ணோட சேர்த்து 2 ஆக்கி, ஒரு காசுல மறுபடி இருட்டைப் போட்டார். ஒளிஞ்சாச்சுன்னு நினைச்சாங்க. மிச்சம் இருந்த ஸ்கவுட் நடு மைதானத்துல நின்னு உருண்டையை உசுப்பினான், 60 அடிக்கு வெளிச்சம், இருட்டு கலைஞ்சுது. உண்மையைச் சொன்னா அது இல்லாம இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. ஃபயர்பாலுக்கு ஆளைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்ல, ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்தா போதும், கறுப்பு உருண்டை வேற நாங்க 4 பேரும் இங்க தான் இருக்கோம்னு சரியான அளவோட வட்டம் போட்டுக் காட்டுது. ரெண்டாவது ஃபயர்பால்ல சார்சரரும் வார்லாக்கும் விழுந்தாங்க.

அதுக்கப்புறம் ஃபைட்டரும் கிளெரிக்கும் வெட்டரனைக் கார்டியன்ஸுக்குள்ள இழுத்து முடிச்சாங்க, அது நல்ல சண்டை, கூட்டம் எழுந்து நின்னுச்சு. ஆனா மேஜை நோக்கிப் போகணும்னா ட்வார்ஃப் வேகம் 25 அடி, போற வழில கோன் ஆஃப் கோல்ட்ங்கற குளிர் ஸ்பெல் வேற பாக்கி இருக்கு. அண்ணன் கையில இருந்த டப்பாவை மணல்ல வீசிட்டார்.

அதுக்கப்புறம்

தோல்வி தான். ஆனா கூட்டம் கடைசி ரெண்டு சண்டைலயும் இவங்க பக்கம் இருந்ததால பரிசுல ஒரு பங்கு வந்துச்சு, கடன்ல பாதிக்கு மேல அடைஞ்சுது, மிச்சத்துக்கு அரீனா முதலாளிகிட்ட வேலை பார்க்கறாங்க, கதை அங்க இருந்து போகுது. யாரும் கேரக்டரைத் தூக்கிப் போடல. முதல் சண்டை முடிஞ்சப்ப அண்ணன் வேற கேரக்டர் எடுத்துருவாரோன்னு எனக்கு ஒரு பயம் இருந்துச்சு, இப்ப டப்பாவை அவர்கிட்ட இருந்து யாராலயும் வாங்க முடியல.

6,400 அதிகம், தோக்கறதுக்குன்னே வச்ச சண்டைன்னு வார்லாக் பிளேயர் சொல்றார். எனக்கு அப்படித் தோணல. மேஜுக்கு ஹெச்பி 40, ஏசி 12, மேஜ் ஆர்மர் ஸ்பெல் போட்டிருந்தாலும் 15 தான். எல்ட்ரிச் பிளாஸ்ட் 120 அடி போகும், முதல் டர்ன்ல பிளாஸ்ட்டை ஸ்கவுட்டுக்கு பதிலா மேஜ் மேல விட்டிருந்தா கான்சன்ட்ரேஷனே தேவையில்லாத ஒரு நேரடி வழி திறந்திருக்கும். இது பத்தி இன்னும் வாக்குவாதம் ஓயல.

அடுத்த தடவை மாத்தறது

நெருக்கி நிக்கறதை விடணும். இருட்டுக்குள்ள யாரு இருந்தே ஆகணும்னு பார்த்தா கிளெரிக்கும் ஃபைட்டரும் தான். வார்லாக்குக்கும் சார்சரருக்கும் வெளிய இருந்தே உள்ள தெரியும், அவங்க ஆளுக்கொரு பக்கம் தள்ளி நின்னா ஒரே ஃபயர்பால் ரெண்டு பேருக்கு மேல பிடிக்காது.

அடுத்தது, சில சண்டைல இருட்டு நம்ம தலைல இருக்கக் கூடாது, எதிராளி மேஜ் தலைல இருக்கணும். உள்ள மாட்டின மேஜுக்கு கவுன்டர்ஸ்பெல் போச்சு, கண்ணால பார்க்க வேண்டிய ஸ்பெல் எல்லாம் போச்சு. ஃபயர்பால் அப்பவும் வரும், ஆனா எங்க விடறதுன்னு அவன் ஊகிக்கணும். பிரச்சனை, டார்க்னஸ் எட்டறது 60 அடி தான். வார்லாக் ஒரு ஃபெமிலியர் (மந்திரக்காரனுக்கு ஏவல் செய்யற) பறவைகிட்ட திறந்த டப்பாவைக் குடுத்து அனுப்பலாம்ங்கறார், ஒரு அம்பு பட்டா பறவை காலி, டப்பா நடு மைதானத்துல விழும், அதனால நான் தடுக்கப் போறதில்ல, முயற்சி பண்ணட்டும்.

டப்பாவை யாரு தூக்கறதுங்கறதும் பாக்கி இருக்கு. ஃபைட்டர் வேகம் 30, கிளெரிக் 25, ஆனா கிளேவுக்கு ரெண்டு கையும் வேணும்.

சார்சரர் பிளேயர் இப்ப 2024 ரூல்ஸ்ல வந்த ஷேடோ மங்க் பக்கம் பார்க்கறார், அதுல தன் இருட்டுக்குள்ள தனக்குத் தெரியும், ஒவ்வொரு டர்ன் ஆரம்பத்துலயும் இருட்டையே நகர்த்திக்கலாம், கல்லும் வேண்டாம் டப்பாவும் வேண்டாம். புது ரூல்ஸ்ல ஸ்பிரிட் கார்டியன்ஸும் மாறியிருக்கு, கிளெரிக் நடந்து போய் எதிராளி மேல வட்டத்தைக் கொண்டு போனாலே சேவ் உருட்டணும், அண்ணனுக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு. டப்பா வேண்டாம்ங்கறது மட்டும் பிடிக்கல. பழசையும் புதுசையும் கலக்க விடறதா இல்லையான்னு நான் இன்னும் முடிவு பண்ணல, அடுத்த அரீனா சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள சொல்லணும்.